அங்கிக்குள் இருந்த மனம்

கொவிட் காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மில் பலர் ஊரடங்கையும் சூம் வகுப்பையும், சிக்னல் தேடி ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறியதையும் எழுதுவோம். நான் வைத்தியசாலைகளில் வேலை செய்தவர்களின் மனதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். என் சாச்சி ஒரு தாதி. அதனால் இடையில் கொஞ்சம் வீட்டுக் கதையும் வரும்.

இலங்கையில் முதலாவது நோயாளி 2020 ஜனவரி 27ஆம் திகதி இனங்காணப்பட்டார். சீனாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த அந்தப் பெண் அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் குணமடைந்து ஊர் திரும்பினார். அப்போது எல்லோரும் கைதட்டினோம். 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் 200க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகின. இடைப்பட்ட ஒன்றரை வருடமும் அங்கிக்குள் நின்றவர்கள் அதே மனிதர்கள்தாம்.

2020இன் ஆரம்பத்தில் சீனாவின் 34 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 1,257 வைத்தியர்களிடமும் தாதியரிடமும் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மூன்றில் ஒருவருக்கு உறக்கம் கெட்டிருந்தது. 100க்கு 71 பேர் மன உளைச்சலில் இருந்தார்கள். பெண்களும் தாதியரும் நோயாளிக்கு நேரே நின்றவர்களுமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சிற்றூழியர்களும் அம்புலன்ஸ் சாரதிகளும் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களைப் பற்றி யாரும் கேட்பது குறைவு.

வேலைப்பளுதான் காரணம் என்று இலகுவாகச் சொல்லிவிடலாம். சாச்சி அதை முழுதாக ஏற்பதில்லை. "ஆறு மணித்தியாலம் தண்ணி குடிக்காம அங்கியோட நிண்டது பழகிட்டு மகள். வீட்டுக்கு வந்து புள்ளயத் தொடாம இருந்ததுதான் பழகவே இல்ல" என்பார். அவர் மாதக்கணக்கில் முன் விறாந்தையில்தான் படுத்தார். தட்டும் கோப்பையும் வேறு. நான்கு வயது மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். விறாந்தை உள்ள வீட்டிலேயே இப்படி என்றால், ஒரே அறையும் பொதுக் குழாயுமாக உள்ள தோட்ட லயனிலிருந்து வைத்தியசாலைக்கு வேலைக்குப் போனவர் எங்கே ஒதுங்கிப் படுத்திருப்பார்?

ஆபத்து என்று கண்டால் நம் உடல் தானாகத் தயாராகும். இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், தூக்கம் விலகும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கிவிடும். இயற்கையான, நல்ல ஏற்பாடு இது. ஆனால் வாட்டில் நோயாளியைப் பற்றிய பயம், வீட்டில் பிள்ளையைப் பற்றிய பயம் என்று மாதக்கணக்கில் அது அடங்காமலே இருந்தால், களைத்தும் தூக்கம் வராது. சிறு விடயத்துக்கும் எரிச்சல் வரும். சிலருக்கு எதுவுமே உறைக்காமல் மனம் மரத்துப்போகும்.

இதற்கு மேல் ஊரின் ஒதுக்கல். சாச்சியுடன் வேலை செய்த ஒரு தாதியிடம் அறையைக் காலிசெய்யுமாறு போடிங் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சென்னையில் 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்த வைத்தியர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கூட்டமொன்று கல்லாலும் தடியாலும் தாக்கியது. கடைசியில் அவருடைய நண்பரான வைத்தியர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். வீரர்கள் என்று புகழப்பட்டதும் இதே மாதங்களில்தான்.

இன்னொரு காயமும் உண்டு. சரியென்று தான் நம்புவதைச் செய்ய முடியாமல், பிழையென்று தெரிந்தது கண்முன் நடக்கப் பார்த்து நிற்பவருக்கு வரும் வேதனை அது. போரிலிருந்து திரும்பிய படையினரிடம் முதலில் கவனிக்கப்பட்ட இதை 'மனச்சாட்சிக் காயம்' என்று நான் தமிழில் சொல்வேன். கூட்டம் கூடாதீர்கள் என்று சுகாதார ஊழியர்கள் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்த 2020 டிசம்பரில், நமது கேகாலை மாவட்டத்தின் ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டாரவின் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்த சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை இருந்தது. ஜனாஸாவைக் கேட்டு வாசலில் அழுத குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது விதியை எழுதியவர்களல்ல, வாட்டில் நின்றவர்கள். சாச்சி இன்றும் பேச மறுப்பது இந்த ஒன்றைத்தான்.

அப்படியென்றால் ஏன் அவர்கள் உதவி கேட்கவில்லை? தேசிய மனநல நிறுவகம் இருப்பதும் அதே அங்கொடையில்தான். நாம் கைதட்டிய ஊரின் பெயரையே, யாரையாவது பைத்தியம் என்று கேலிசெய்யவும் பயன்படுத்துகிறோம். மருந்தும் மனமும் தெரிந்த தாதிக்கும் அந்தச் சொல்லுக்குப் பயம் இருக்கிறது. அந்த நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்துப் பேசலாம். அழைப்பவர் நோயாளியாக இருக்க வேண்டும் என்றில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சில எளிய யோசனைகளைச் சொல்லியிருந்தது: கடினமான இடத்தில் நிற்பவர்களை இடைக்கிடை இலகுவான இடத்துக்கு மாற்றுங்கள், அனுபவம் குறைந்தவரை அனுபவசாலியுடன் சேர்த்து விடுங்கள். ஆட்கள் குறைந்த இடத்தில் முதலாவது நடப்பது கஷ்டம். இரண்டாவதற்குச் செலவே இல்லை. சாச்சிக்கு அப்படி யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அவரும் ஒரு மூத்த தாதியும் தாங்களாகவே சோடி சேர்ந்துகொண்டார்கள். இரவு வேலை முடிந்து வெளியே வந்ததும் ஒரு மர நிழலில் தள்ளித் தள்ளி நின்று கால் மணித்தியாலம் பேசுவார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"கூடுதலா சமையல் கதைதான். சில நாளைக்கு அழுகை."