கதவைத் தட்டுறாங்க... திறங்க சார்!

டி.ஏ. அறிவிப்பு வரும் சமயத்தில் எல்லா ஆபீஸ் கேன்டீனிலும் ஒரே பேச்சுதான். "இந்தத் தடவை எத்தனை பர்சென்ட்?" யூனியன்காரர் ஒரு நம்பர் சொல்வார். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் இன்னொன்று சொல்லும். நிஜத்தில் அதை முடிவு பண்ணுவதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. எங்கேயோ ஒரு ஊரில், ஒரு தொழிலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "போன மாசம் துவரம்பருப்பு எத்தனை கிலோம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாரே, அந்த சர்வேக்காரர்!

மத்திய அரசு ஊழியரின் டி.ஏ.வுக்கு ஆதாரம், தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டு எண். அதில் எந்தச் செலவுக்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்பதைச் சொல்வது குடும்பச் செலவு சர்வே. 2020-ல் லேபர் பீரோ இதைப் புதுப்பித்தது. பழைய கணக்கில் சாப்பாட்டுக்கு 46 சதவீதம். புதிய கணக்கில் 39 சதவீதம். அதாவது, வெங்காயம் விலை எகிறினால் குறியீட்டு எண் முன்பு குதித்த அளவு இப்போது குதிக்காது. இதற்காக விசாரித்தது 88 ஊர்களில் சுமார் 48 ஆயிரம் குடும்பங்களை.

"கோடிக்கணக்கான ஜனத்துக்கு வெறும் 48 ஆயிரமா? அநியாயம்!" என்று கொதிக்காதீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை பெரிசா, சிறிசா என்பது பிரச்னையே இல்லை. ஆனால் ஒன்று... விவரமான பாட்டி, மேலே மிதக்கிற பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதில்லை. கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிவிட்டுத்தான் எடுப்பார். பி.காம்.மில் நமக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்த சாம்பிளிங் என்பது, கடைசியில் அந்தக் கிளறல்தான்!

24 லட்சம் பேர் சேர்ந்து கவிழ்த்த பத்திரிகை

கிளறாமல் எடுத்தால் என்ன ஆகும்? 1936-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்றவர் லாண்டன். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை, முந்தைய தேர்தல்களில் சரியாக ஆரூடம் சொல்லிப் பேர் வாங்கியிருந்தது. இந்த முறை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டை அனுப்பி வைத்தது. திரும்பி வந்தவை சுமார் 24 லட்சம். எண்ணிப் பார்த்து, "லாண்டனுக்கு 57 சதவீதம்" என்று அடித்துச் சொன்னார்கள்.

ரிசல்ட்? ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார்! 1938-ல் பத்திரிகையே மூடிவிட்டது. அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் சுமார் 50 ஆயிரம் பேரை மட்டும் விசாரித்து, ஜெயிக்கப்போவது ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

கோளாறு எங்கே? டைஜஸ்ட் விலாசம் பொறுக்கியது டெலிபோன் டைரக்டரியிலும், கார் வைத்திருப்போர் பட்டியலிலும். நாடே வேலையில்லாமல் திண்டாடிய காலம் அது. போனும் காரும் வைத்திருந்தவர் யார்? வசதிக்காரர். அது மட்டுமில்லை, வேலை மெனக்கெட்டுச் சீட்டைப் பூர்த்தி செய்து அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்கள்தான் அதிகம். பதில் போடாத 76 லட்சம் பேரின் மௌனத்தை யாரும் எண்ணவில்லை.

'உடனே எஸ்.எம்.எஸ். அனுப்புங்க' என்று டி.வி.யில் நடத்தும் ஓட்டெடுப்புக்கும் இதே வியாதிதான்.

காலப்பும் சறுக்கினார். 1948-ல் ட்ரூமன் தோற்பார் என்றார், ட்ரூமன் ஜெயித்தார். இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை ஏழை என்று கோட்டா போட்டுவிட்டு, அதற்குள் ஆளைப் பிடிப்பதை சர்வேக்காரரின் இஷ்டத்துக்கு விட்டிருந்தார். சர்வேக்காரரும் மனிதர்தானே? நாய் குரைக்கிற வீட்டுக்கும் நாலாவது மாடிக்கும் யார் போவார்? தவிர, ஓட்டுப் பதிவுக்குச் சில நாள் முன்னாலேயே விசாரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பது குலுக்கல் சீட்டு மாதிரி இருக்கவேண்டும் என்கிறார்கள். பட்டியல் போட்டுப் பத்தாவது வீடு, இருபதாவது வீடு என்று எண்ணிப் போகலாம். நகரம், கிராமம் என்று முதலில் பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கலாம். முறையாகக் குலுக்கினால், ஆயிரம் பேரே போதும். விடை பெரும்பாலும் 3 பர்சென்ட் முன்னே பின்னே இருக்கும்.

ஏழு நாளா, முப்பது நாளா?

சரியான ஆளைப் பிடித்தாலும், கேள்வி சொதப்பினால் போச்சு. நம் நாட்டில் மஹலானோபிஸ் முயற்சியில் 1950-ல் தொடங்கியது தேசிய மாதிரி சர்வே. அதன் 1999-2000 சர்வேயில் ஒரு காரியம் செய்தார்கள். "ஏழு நாளில் என்ன சாப்பிட்டீங்க?", "முப்பது நாளில் என்ன சாப்பிட்டீங்க?" என்று இரண்டையும் அதே குடும்பத்திடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள்.

ஏழு நாள் கணக்கு ஞாபகம் இருக்கும். முப்பது நாள் கணக்கில் பாதி மறக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்? மனுஷன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மாதிரி சொல்லிவிடுவான்! 1993-94-ல் 36 சதவீதமாக இருந்த வறுமை, இதில் 26 சதவீதம் என்று வந்தது. வறுமை ஓடிப்போச்சா, கேள்வி மாறிப்போச்சா? பொருளாதார நிபுணர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் ஏழை. அரசாங்கப் பணம் எங்கே போகவேண்டும் என்பதற்கு அந்த நம்பர்தானே ஆதாரம்!

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, பிரதர். சர்வேக்காரர் பகலில் வந்தால் நீங்கள் ஆபீஸில். ரூமில் தனியாக இருக்கிற பேச்சிலர் என்றால் கதவில் பூட்டு. இப்படி உங்கள் மாதிரி ஆட்கள் கணக்கிலேயே வராமல் போனால், உங்கள் வாடகையும் மெஸ் பில்லும் பஸ் செலவும் எந்தக் கணக்கில் ஏறும்? நல்ல சர்வேக்காரர் சாயங்காலமோ, ஞாயிற்றுக்கிழமையோ மறுபடி வருவார். வந்தால் ஐ.டி. கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓ.டி.பி.யோ பேங்க் அக்கவுன்ட் நம்பரோ கேட்டால் கதவைச் சாத்துங்கள். மற்றபடி, உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உள்ளதைச் சொல்லுங்கள்.

"சிகரெட்டுக்கு மாசம் எவ்வளவு சார்?" என்று அவர் கேட்கும்போது சம்சாரம் பக்கத்திலேயே நின்றால்? அப்போதைக்குச் சிரித்து மழுப்புங்கள். "தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்று கூடவே போய், அங்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

புள்ளிவிவரமும் பிழைக்கும். நீங்களும் பிழைப்பீர்கள்!