கிரேன் நிற்கும் மண்ணைக் கவனியுங்கள்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பெரிய கிரேன்கள் நிறுத்தப்பட்டதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இத்தகைய கட்டுமான வேலைகளுக்கு நம் கிராமத்து இளைஞர்களும் செல்கிறார்கள். கிணற்றுக்கு உறை இறக்கவும், சாய்ந்த மரத்தை அகற்றவும், திருவிழாவுக்கும் கிரேன் ஊருக்குள்ளேயே வாடகைக்கு வருகிறது. ஆகவே கிரேன் ஏன் கவிழ்கிறது என்பதை விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

அரக்கோணம் அருகே கீழ்வீதி கிராமத்தில் 22.1.2023 அன்று நடந்த கோயில் திருவிழாவில், ஆட்களைச் சுமந்திருந்த கிரேன் சாய்ந்து நால்வர் உயிரிழந்தனர். பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் 19.2.2020 அன்று கிரேன் சரிந்து மூவர் மாண்டனர்.

தூரம் கூடினால் பலம் குறையும்

ஏற்றம் இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். ஏற்றமரத்தில் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பளு தொங்குகிறதோ, அவ்வளவு வேகமாக அது மரத்தைச் சாய்க்கும். கிரேனிலும் அப்படியே. 4 மீட்டர் தூரத்தில் தொங்கும் 1 டன் பளுவை 8 மீட்டருக்குத் தள்ளினால், கிரேனைக் கவிழ்க்கும் விசை இருமடங்காகும். ‘10 டன் கிரேன்’ என்பது பளு மிக அருகில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற பளு அட்டவணை ஓட்டுநரிடம் இருக்க வேண்டும்.

மண்ணின் தாங்குதிறன்

அடையாற்றங்கரையில் வண்டல், மயிலாப்பூர்க் கடலோரத்தில் மணல். களிமண் வெயிலில் கல்லாக இறுகும். மழை பெய்தால் குழைந்துவிடும். சேற்றில் மாட்டின் குளம்பு புதையும், பரம்புப் பலகை புதைவதில்லை. காரணம், பாரம் அகலமாகப் பரவுவதே. கிரேனின் பக்கக் காலில் உள்ள 30 செ.மீ. சதுரத் தகட்டின் கீழ் 60 செ.மீ. சதுரமுள்ள தடித்த மரப்பலகையை வைத்தால், மண்மேல் விழும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பக்கக் கால்கள் உள்ள கிரேனில் அவற்றை முழுவதும் நீட்டி ஊன்றிய பின்னரே தூக்க வேண்டும். புதிதாக மண் நிரப்பிய இடம், குழி, கிணற்று விளிம்பு ஆகியவற்றுக்கு அருகில் நிறுத்தக் கூடாது.

2. ‘ஹைட்ரா’ வண்டி பளுவுடன் நகரும்போது பக்கக் கால் துணை கிடையாது. சமதரையில், பளுவைத் தாழ்வாக வைத்து, மெதுவாகச் செல்ல வேண்டும். பளுவைக் கையால் பிடித்தபடி யாரும் உடன் நடக்கலாகாது. கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்பவும்.

3. கொக்கியில் ஆட்களைத் தொங்கவிடாதீர். பளுவின் கீழும் நிற்காதீர்.

4. மின்கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். இயலாவிடில் மின்வாரியத்திடம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவும்.

5. காற்று பலமாக வீசினால் வேலையை நிறுத்தவும்.

6. சைகை காட்ட ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ என்ற சைகையை எவர் காட்டினாலும் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும்.

பளுத்தூக்கிகளையும் சங்கிலி, கயிறுகளையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்தது. வாடகை பேசும்போதே அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறதே என்று பலகை வைக்கும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த வேண்டாம். நகரத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்.