ஆசிட் கேன் தூக்கும் கைக்கு உறை எங்கே?

பழவேற்காடு ஏரிக்கரையில் கிடக்கும் சிப்பி ஓட்டின் மேல் கழிவறை ஆசிட் ஒரு சொட்டு பட்டால் நுரைத்துப் பொங்கும். ஓட்டில் உள்ள கால்சியம் கார்பனேட்டை ஆசிட் கரைக்க, கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறுகிறது. கழிவறைத் தரையின் உப்புக்கறை ஆசிட்டில் கரைவதும் இப்படித்தான். மாணவர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பாடத்தில் படிப்பது இதையே. நாம் உண்ட சோறு செரிக்க இரைப்பையில் சுரப்பதும் இதுவே. இரும்பின் துருவை நீக்கவும், இறால் ஓட்டிலிருந்து கைட்டின் பிரிக்கவும் தொழிற்சாலைகளில் இது பயன்படுகிறது.

பயன் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆபத்து யாருக்கு? ஏரியில் வலைபோடும் இடத்தை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' பட்டினவர் மீனவர்களின் வழக்கம். அதில் பங்கில்லாத தலித், இருளர் குடும்பங்களில் பலருக்குக் கூலி வேலையே கதி. தமிழகமெங்கும் துப்புரவுப் பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். உறையில்லாத கையில் ஆசிட் கேன் தூக்குவதும் அவர்களே.

கடை ஆசிட்டின் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். தோலில் பட்டால் புண்ணாகும். பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல், முதல் உலகப் போரில், ஜெர்மனி ஆயுதமாகப் பயன்படுத்திய வாயு அது. அடைத்துக்கொண்ட செப்டிக் டேங்கில் ஆசிட் ஊற்றினால், கழிவிலுள்ள சல்பைடுகளிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பக்கூடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் அந்த நாற்றமே தெரியாமல் போகும். தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுவது அப்போதுதான்.

எனவே, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நீர்க்கச் செய்ய வேண்டுமானால் தண்ணீரில்தான் ஆசிட்டைச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். குடிதண்ணீர், குளிர்பான பாட்டில்களில் ஊற்றி வைக்கக் கூடாது. உடம்பில் பட்டால் நனைந்த துணியைக் களைந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

18 வயதுக்குட்பட்டோருக்கு ஆசிட் விற்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடையில் வாங்கவே கூடாத பொருளை வைத்துக் கழிவறை கழுவப் பிள்ளைகளை எந்தப் பள்ளியும் ஏவ முடியாது. ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் 2022இல் ஓர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை. செப்டிக் டேங்கில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஏரிக்கரை ஊராட்சிகளின் கிராம சபையில் நாம் கேட்க வேண்டியது இதுதான்: தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம். அவை கைக்கு வரும்வரை ஆசிட் கேனைத் தொட மாட்டோம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அப்படிச் சொல்பவரின் பக்கத்தில் நாமும் நிற்க வேண்டும்.