யாவரும் படிக்க ஓர் அகப்பக்கம்

ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பத்து பகாட் மாவட்டத்தின் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. கணினித் துறையில் ஈடுபாடுடைய மாணவர்கள் மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா ஆகிய வழிகளில் இங்குச் சேர்ந்து பயில்கின்றனர். நாட்டின் மூன்றாவது பிரதமரின் பெயரைத் தாங்கியுள்ள பாரிட் ராஜா பல்கலைக்கழகம், வலைத் தொழில்நுட்பத்தைச் சிறப்புத் துறையாகக் கொண்ட கணினி அறிவியல் இளங்கலைப் படிப்பையும் வழங்குகிறது. இத்தகைய படிப்புகளுக்கு அடித்தளமாக அமைவது அகப்பக்க வடிவமைப்பு அறிமுகப் பாடமாகும். அப்பாடத்தில் மாணவர்கள் கற்பவை யாவை?

முதலில், வலையின் தோற்றத்தை அறிய வேண்டும். 1989ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பவர், ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டத்தை முன்மொழிந்தார். அதுவே உலகளாவிய வலையாக வளர்ந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. அந்த முடிவினால்தான் இன்று எவரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓர் அகப்பக்கத்தை உருவாக்க முடிகிறது.

அகப்பக்கத்தை உருவாக்க மூன்று மொழிகள் தேவைப்படுகின்றன. பள்ளி நூலகத்திற்கான அகப்பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூலகத்தின் பெயர் தலைப்பு என்றும், அறிமுகம் பத்தி என்றும், புதிய நூல்களின் பெயர்கள் பட்டியல் என்றும் உலாவிக்கு உணர்த்துவது எச்.டி.எம்.எல். மொழியாகும். தலைப்பின் நிறம், எழுத்தின் அளவு, பத்திகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி முதலியவற்றை முடிவு செய்வது சி.எஸ்.எஸ். ஆகும். மாணவர் ஒருவர் நூலின் பெயரைத் தட்டச்சு செய்தவுடன் பட்டியலைத் தேடிக் காட்டுவது போன்ற செயல்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் துணைபுரிகிறது.

இவற்றை ஏன் தனித்தனியே வைத்திருக்க வேண்டும்? நூலகத்தின் தளத்தில் ஐம்பது பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் நிறத்தைத் தனித்தனியே குறித்திருந்தால், நீலத்தைப் பச்சையாக மாற்ற ஐம்பது பக்கங்களையும் திருத்த வேண்டும். ஒப்பனையை ஒரே சி.எஸ்.எஸ். கோப்பில் வைத்திருந்தால் ஒரு வரியை மாற்றினாலே போதும். உள்ளடக்கத்தையும் ஒப்பனையையும் பிரிக்கும் இம்முறையை ஹோகோன் வியும் லீ 1994ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அறிமுகப் பாடத்தில் மாணவர்கள் பழகவேண்டிய முதல் ஒழுங்கு இதுவே.

எனினும், நல்ல வடிவமைப்பு கணினியில் தொடங்குவதில்லை, தாளில்தான் தொடங்குகிறது. இத்தளத்திற்கு யார் வருவார்கள், எதைத் தேடி வருவார்கள், அதனை எத்தனை சொடுக்குகளில் அடைவார்கள் என்னும் வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும். அதன் பிறகே தலைப்பு எங்கே, பட்டியல் எங்கே, படம் எங்கே என்று பென்சிலால் கட்டங்கள் வரைந்து திட்டமிட வேண்டும். இத்திட்டம் இல்லாமல் நிறத்தையும் அசைவுப் படங்களையும் சேர்த்துக்கொண்டே போனால், பக்கம் பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால், வந்தவர் தேடியது கிடைக்காமல் திரும்பிவிடுவார்.

அடுத்து, திரையின் அளவைக் கருத்தில் கொள்ள வேண்டும். மேசைக் கணினியில் அழகாகத் தோன்றும் மூன்று பத்தி வரிசைகள் திறன்பேசியில் நெருக்கியடித்துக்கொண்டு படிக்க முடியாமற்போகும். ஆகவே, திரையின் அகலத்திற்கேற்பத் தானே மாறியமையும் பக்கங்களை உருவாக்க மாணவர்கள் பயில்கின்றனர். 2010ஆம் ஆண்டில் ஈத்தன் மார்க்கோட் எனும் வடிவமைப்பாளர் இம்முறைக்குப் பெயர் சூட்டி விளக்கினார். குடும்பத்தில் ஒரே ஒரு திறன்பேசியைப் பகிர்ந்து பயன்படுத்தும் மாணவருக்கு, இது வெறும் அழகு பற்றிய செய்தியன்று. பாடத்தைப் படிக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் செய்தியாகும்.

அதுமட்டுமன்று, பார்வையற்றோரும் அகப்பக்கங்களைப் பயன்படுத்துகின்றனர். திரையிலுள்ள எழுத்துகளை உரக்கப் படிக்கும் மென்பொருள் அவர்களுக்குத் துணைநிற்கிறது. ஆனால், அம்மென்பொருளால் படத்தைப் பார்த்து விளக்க இயலாமற்போகலாம். எனவே, ஒவ்வொரு படத்திற்கும் அதன் பொருளைக் கூறும் சிறு விளக்கத்தை வடிவமைப்பாளர் எழுதிச் சேர்க்க வேண்டும். அவ்வாறே, மங்கிய பார்வையுடையோருக்காக எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும். சாதாரண அளவு எழுத்துகளுக்கு இவ்வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்க வேண்டும் என அனைத்துலக வழிகாட்டி கூறுகிறது. வெள்ளைப் பின்னணியில் இளமஞ்சள் எழுத்து ஏன் தவறு என்பதை இவ்விகிதம் எண்ணாலேயே காட்டிவிடுகிறது.

தமிழில் அகப்பக்கம் அமைப்போர் மேலும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கணினிக்கு எழுத்துகள் தெரியா, எண்களே தெரியும். முன்பு ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்திப் பல எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. ஒருவர் பயன்படுத்திய எழுத்துரு மற்றவரின் கணினியில் இல்லையென்றால், தமிழ்க் கட்டுரை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஒருங்குறி முறை இச்சிக்கலைத் தீர்த்தது. அம்முறையில் 'அ' எழுத்தின் எண் 2949. 'க' எழுத்தின் எண் 2965. 'கி' என்பது 'க'வின் எண்ணையும் இகரக் குறியின் எண்ணான 3007ஐயும் சேர்த்து அமைகிறது. உலகில் எந்தக் கணினியிலும் இவ்வெண்கள் மாறுவதில்லை.

இந்நிலையை அடையப் பலர் உழைத்துள்ளனர். மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளையும் திறன்பேசிகளுக்கான செல்லினம் செயலியையும் உருவாக்கினார். 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழும் இடம்பெற எழுத்தாளர் நா. கோவிந்தசாமி வழிவகுத்தார். 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

இத்தனை உழைப்புக்குப் பின்னரும் ஒரு குறை நீடிக்கிறது. தமிழ் அறிவிப்புகள் பல, எழுத்தாக அல்லாமல் படமாகவே தளங்களில் ஏற்றப்படுகின்றன. நூலகத்தின் திறப்பு நேரம் அழகிய படமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் சேர்க்கப்படாவிட்டால், படித்துக்காட்டும் மென்பொருள் அதைக் கடந்து போய்விடும். தேடுபொறி அதனை எளிதில் கண்டறியாது. திறன்பேசியில் பெரிதாக்கினால் எழுத்துகள் மங்கிவிடும். அதே செய்தியை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, இப்பக்கம் தமிழில் உள்ளது என்று எச்.டி.எம்.எல். மொழியில் குறிப்பிட்டால், இக்குறைகள் நீங்கும். மேலும், தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் நீளமானவை. குறுகிய சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'பதிவிறக்கம் செய்க' என்பது அடங்காது. ஆகவே, தமிழுக்கென இடம் ஒதுக்கி வடிவமைக்க வேண்டும். வடிவமைத்த பிறகு தமிழை உள்ளே திணிக்கக் கூடாது.

பாடத்தின் நிறைவில் மாணவர்கள் ஒரு முழுத் தளத்தை உருவாக்கிச் சோதிக்க வேண்டும். அச்சோதனையில் உருவாக்கியவர் பேசாமல் இருப்பதே சிறந்தது. தளத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று கவனிக்க வேண்டும். தயங்கிய இடத்தில் திருத்தம் தேவைப்படுவது அவருக்கன்று, பக்கத்திற்கே.

இக்கலையைத் தொடங்கப் பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணினியுடன் வரும் எளிய உரைத்தொகுப்பியும் ஓர் உலாவியும் இருந்தால் போதும். இணைய இணைப்புகூட இல்லாமல் முதல் பக்கத்தை எழுதிப் பார்க்கலாம். தமிழில் தேடும் ஒருவருக்குத் தமிழில் விடை கிடைக்க வேண்டுமாயின், அதனை யாரேனும் எழுத்தாக எழுதி வைத்திருக்க வேண்டும். அப்பணியை நாளை செய்யவிருப்பவர்கள் இன்றைய மாணவர்களே.