வெயிலும் கொளுத்தும், இடியும் இடிக்கும்: கோடை வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி?

‘ஒருசில இடங்களில் அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கக்கூடும்.’ அதே அறிக்கையில், இரண்டு வரி தள்ளி, ‘உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னல், பலத்த காற்றுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.’

ஏப்ரல், மே மாதங்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது இதைப் பகிர்ந்தால் போதும், “வெயிலும் அடிக்கும், மழையும் பெய்யும்னா எதுதான் நடக்கும்? எதையாவது ஒண்ணு சொல்லுங்கப்பா” என்று சித்தப்பா ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார்.

இரண்டுமே நடக்கும் சித்தப்பா. ஒரே நாளில், ஒரே மாவட்டத்தில், நாலு மணி நேர இடைவெளியில் நடக்கும். மதியம் ஒரு மணிக்கு நம்மைக் காப்பாற்றிய அதே புளியமரம், மாலை நாலரைக்கு ஆளைக் கொல்லும் இடமாக மாறுவதும் இதனால்தான். அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்திருப்பது, குறிப்பாகக் காட்டில் மேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வெயில்தான் விறகு

காலையிலிருந்து காய்ந்த தரை, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி மேலே கிளம்புகிறது. சூடு மட்டும் இருந்தால் பொட்டலில் புழுதி சுழன்று அடங்கிவிடும். மேகம் திரள ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை வங்கக்கடல் காற்று கொண்டுவருகிறது. சில நாள்களில் மேற்கிலிருந்து அரபிக்கடல் காற்றும் வந்து சேரும். அறிக்கையில் ‘கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ என்றோ, ‘வளிமண்டல கீழடுக்கு சுழற்சி’ என்றோ ஒரு வரி வரும். நாம் தாண்டிப் போய்விடும் வரி அது. இரண்டு பக்கத்துக் காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படி ஏறுகிற ஈரக்காற்று குளிர்ந்து, மேகமாகி, 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். மேகத்துக்குள் பனிக்கட்டித் துணுக்குகள் ஒன்றோடொன்று மோதி உரச, மின்னேற்றம் பிரிகிறது. அதுதான் மின்னல்.

மலையோரத்தில் இந்த வேலை இன்னும் சுலபம். காற்றைத் தூக்கிவிட மலைச்சரிவே இருக்கிறது. நீலகிரி, கோவை, தேனி, திண்டுக்கல், தென்காசி, கன்னியாகுமரி என்று அதே மாவட்டப் பெயர்கள் கோடை அறிக்கையில் திரும்பத் திரும்ப வருவதற்கு அது ஒரு காரணம்.

எல்லா வெயில் நாளும் மழையில் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே உலர்ந்த, வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருந்தால், கீழிருந்து கிளம்பும் காற்று அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். அன்றைக்கு வேகும், அவ்வளவுதான். மூடி திறக்கிற நாளில் இடி.

ஒரு மேகத் திரளின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். பேருந்து நிலையத்தில் கொட்டித் தீர்க்கும், ரயில் நிலையத்தில் ஒரு சொட்டு இருக்காது.

‘ஓரிரு’ என்றால் எத்தனை?

அறிக்கையில் வரும் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’ என்பதெல்லாம் பேச்சுவழக்கில் சொல்லும் குத்துமதிப்பு அல்ல; கணக்கு. அந்தப் பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்றால் ‘ஓரிரு’. அதைத் தாண்டி பாதி வரை என்றால் ‘ஒருசில’. பாதிக்கு மேல் முக்கால் வரை ‘அநேக’. அதற்கும் மேல் ‘பெரும்பாலான’. ஆக, உங்கள் மாவட்டத்துக்கு ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று சொல்லி உங்கள் தெருவில் பெய்யாமல் போனால் கணிப்பு பொய்த்தது என்று அர்த்தமில்லை. நான்கில் மூன்று பங்கு இடத்தில் பெய்யாது என்றுதான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். மழை எங்கே பெய்யும் என்பது முதல் நாளே தெரியாது. ரேடாரில் மேகம் தெரிந்த பிறகு ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று மாவட்ட வாரியாக வரும் அறிவிப்புதான் அதற்கு. கோடையில் காலை அறிக்கையைவிட மதியம் இரண்டு மணிக்கு மேல் வரும் அந்தக் குட்டி அறிவிப்புக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டிய நிலை. கோடை இடிமழைக்குப் பெரும்பாலும் மஞ்சளோடு நின்றுவிடும். மஞ்சள்தானே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. ஒரு மின்னலுக்கு எந்த நிறமும் கிடையாது.

சதம் அடித்த வெயில்

வெயில் பகுதிக்கு வருவோம். வானிலை மையம் செல்சியஸில் சொல்கிறது. நம் நாளிதழ்களோ இன்னும் ‘வெயில் சதம் அடித்தது’ என்று பாரன்ஹீட்டில் எழுதுகின்றன. 100 டிகிரி பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். 104 என்றால் சரியாக 40. இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

‘இயல்பைவிட 3 டிகிரி அதிகம்’ என்பது ஊருக்கு ஊர் வேறு. கொடைக்கானலில் மே மாதத்தில் அப்படி ஏறினால் போர்வையின் கனம் கொஞ்சம் குறையும். வேலூரில் இயல்பே 38, 39 என்று நிற்கும்போது இன்னும் மூன்று ஏறினால் கதை வேறு. கரூர் பரமத்தி, ஈரோடு, சேலம், திருத்தணி, மதுரை ஆகிய ஊர்களுக்கும் அதே நிலைதான்.

‘வெப்ப அலை’ என்ற சொல்லுக்கும் அளவு இருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது 45-ஐத் தொட வேண்டும். கடலோரத்துக்கு 37 டிகிரியும் அதே 4.5 டிகிரி உயர்வும். ஓரிடத்தில் ஒரு நாள் தொட்டால் போதாது. குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால்தான் அறிவிப்பார்கள். எனவே ‘வெப்ப அலை எச்சரிக்கை இல்லை’ என்ற வரியைப் பார்த்துவிட்டு அப்பாவை மதியம் ஒரு மணிக்கு ரேஷன் கடைக்கு அனுப்பாதீர்கள். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் 37 டிகிரியே கசக்கிப் பிழிந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு ஆறாது. அறிக்கை இதை ‘அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருப்பதால் அசௌகரியம் ஏற்படலாம்’ என்று எழுதும். ‘அசௌகரியம்’ என்பது ரயிலில் நடு பெர்த் கிடைத்தால் சொல்கிற வார்த்தை. தகரக் கூரைக்குக் கீழே குடியிருப்பவருக்கோ, தார் ஊற்றும் தொழிலாளிக்கோ அது போதாது.

யாரும் பார்க்காத இன்னொரு எண், குறைந்தபட்ச வெப்பநிலை. பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு தேறுவது இரவில்தான். இரவிலும் 29, 30 என்று நின்றால், மொட்டைமாடி கான்கிரீட் விடியும்வரை அனலை இறக்கிக்கொண்டிருக்கும். அப்படி மூன்று நான்கு இரவு தொடர்ந்தால் முதியவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் உளறுவது, தோல் நெருப்பாகக் கொதிப்பது எல்லாம் வெப்பவாதத்தின் அடையாளங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

நாலு மணிக்கு மரத்தை விடுங்கள்

இப்போது அந்தப் புளியமரத்துக்கு வருவோம். 12 மணியிலிருந்து 3 மணி வரை நிழலில் ஒதுங்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரியான அறிவுரை. களையெடுப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகு. மேற்கே மேகம் கறுக்கும்போது, மதியம் பழகிய இடத்துக்கே கால் போகிறது. நாலு தூறல் விழுந்தால் எல்லோரும் அந்த மரத்தடியில். தனித்து நிற்கும் உயரமான மரத்தில் இறங்கும் மின்னல், மரத்தோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் மீது தாவும், தரை வழியாகவும் பரவும். மந்தையாக ஆடுகள் ஒரே நேரத்தில் சாவது இப்படித்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இது. புயல், வெள்ளம் போல இதற்குப் பெயரும் தலைப்புச் செய்தியும் இல்லை. ஒருவர், இருவர் என்று உள்பக்கத்தில் ஒரு பத்தியாக முடிந்துவிடுகிறது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய மூன்று விநாடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; அப்போதே கிளம்பிவிட வேண்டும். மழை விழட்டும் என்று காத்திருப்பது தவறு, ஏனென்றால் மின்னல் மழைக்கு முன்னாலும், மழை இல்லாத பக்கத்திலும் இறங்கும். சுவரும் கூரையும் உள்ள கட்டடம், கண்ணாடி ஏற்றிய கார், பேருந்து இவை பாதுகாப்பு. நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை அல்ல. மோட்டார் ரூமுக்குள் போனாலும் ஸ்டார்ட்டர், இரும்புக் குழாய் பக்கம் கை போகக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். சின்ன வயதில் இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லச் சொல்வார்கள். தாராளமாகச் சொல்லலாம், வீட்டுக்குள் இருந்துகொண்டு.

செல்போன் மின்னலை இழுக்கும் என்பது வதந்தி. சார்ஜரில் செருகாத போன் ஒன்றும் செய்யாது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதும் தவறு. அந்தத் தவறான பயத்தால்தான் காப்பாற்றக்கூடிய சிலரும் போய்விடுகிறார்கள். உடனே தொடலாம், மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யலாம்.

மத்திய அரசு நிறுவனமான புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டி எச்சரிக்கும். இலவசம். ஊரில் ஆடு மாடு மேய்க்கிறவர்களின் பிள்ளைகள் கையில் இந்தச் செயலி இருந்தால், ஒரு போன் செய்து “அந்த மரத்தை விட்டு வாங்கப்பா” என்று சொல்லலாம்.

வாழைக்கும் அருவிக்கும்

‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று’ என்ற வரி, நகரத்தில் பேனர் சரியும் சமாச்சாரம். கோபி, தேனி, திருச்சி பக்கத்து வாழை விவசாயிக்கு அது ஒரு வருட உழைப்பு. மழை விழுந்துகொண்டே ஆவியாகி, குளிர்ந்து கனத்த காற்று மேகத்திலிருந்து தரைக்குக் கொட்டும். தரையில் மோதி நான்கு பக்கமும் பாயும். குலை தள்ளிய வாழையால் அதைத் தாங்க முடியாது. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுப்பதைத் தள்ளிப்போடாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. 2024 மே 17-இல் பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். கோடை விடுமுறை, கூட்டம் நிறைந்த நேரம். மலைக்கு மேலே பெய்யும் இடிமழை, கீழே குளிப்பவர் கண்ணில் படாது. தென்காசிக்கு இடிமழை எச்சரிக்கை இருக்கும் நாளில், நீர் சிவந்து கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ, துண்டைக்கூடத் தேடாமல் மேடேறுங்கள்.

கத்திரி மே 28-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கு ஒரு தகவல். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003-ஆம் ஆண்டு மே 31-இல். கத்திரி முடிந்த பிறகு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கியதும் மேற்கு மாவட்டங்கள் குளிரும். ஆனால் அந்த மேற்குக் காற்று வலுத்தால், கிழக்கே கடற்காற்று ஊருக்குள் நுழையத் தாமதமாகும். அதனால் சென்னைக்கும் வேலூருக்கும் ஜூனிலும் அதே இரட்டை வரிதான்: பகலில் இயல்பைவிட அதிக வெயில், மாலையிலோ இரவிலோ இடியுடன் மழை.