வற்றிய ஏரியும் வளர்ந்த வன்முறையும்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் என்னும் நான்கு தேசங்களும் சந்திக்கும் இடத்தில் பரந்து கிடக்கும் சாட் ஏரி, 1960களில் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்துடன், மீனவர்க்கும் உழவர்க்கும் மாடு மேய்ப்போர்க்கும் ஜீவாதாரமாக விளங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் நேர்ந்த கொடிய வறட்சிகளாலும், ஓரளவு பாசனத்துக்கு நீர் எடுக்கப்பட்டதாலும், அது சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. பின்னர் நீர்ப்பரப்பு ஒருவாறு மீண்டதாயினும், பூமியின் உஷ்ணம் ஏறிவரும் இக்காலத்தில், மழை எப்போது வரும், எவ்வளவு பெய்யும் என்ற நிச்சயம் அப்பிரதேசத்து ஜனங்களுக்கு இல்லாமற்போயிற்று.

இந்த நிச்சயமின்மையே கலகக்காரர்களுக்கு அனுகூலமாயிற்று. 2009இல் பெருங்கலகத்தில் இறங்கிய போகோ ஹராம் இயக்கம், பிழைக்க வழியற்ற இளைஞர்களுக்குப் பணத்தையும் கடனையும் காட்டித் தன்வசம் இழுத்ததோடு, மாடுகளைக் கவர்ந்தும், மீன் வியாபாரத்தில் வரி வசூலித்தும், ஆட்களைக் கடத்தி மீட்புப்பணம் பெற்றும் தன் பொக்கிஷத்தை நிரப்பிக்கொண்டது. வறட்சி ஒன்றே இக்கொடுமைக்கு மூலகாரணம் அன்று. வறுமையும், அரசாங்கத்தின் அலட்சியமும், மதவெறியும் அதனுடன் சேர்ந்தே நின்றன. ஆயினும், பருவநிலை மாறுதல் அப்பிரதேசத்தின் ஸ்திரத்தன்மையைப் பாதிக்கிறது என்பதை ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையே 2017இல் நிறைவேற்றிய 2349ஆம் தீர்மானத்தில் அங்கீகரித்தது.

ஆகையால், எல்லையில் சேனையை நிறுத்துவதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், நீரை நியாயமாகப் பங்கிடுவதும், வறட்சி தாங்கும் பயிர்களை அளிப்பதும், மீனவனின் வலைக்கும் மேய்ப்பனின் மந்தைக்கும் காவல் தருவதும் தேசரக்ஷணையின் அங்கங்களே என்று ஆட்சியாளர் உணர்வது அத்தியாவசியமாகும்.