சானிடைசருக்கு அடங்காத காய்ச்சல்

2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு சிவந்த கொப்புளங்களும் வந்தன. 'தக்காளிக் காய்ச்சல்' என்று பெயர் பரவியதும், வாளையாறு சோதனைச் சாவடியில் தமிழகச் சுகாதாரத் துறையினர் குழந்தைகளைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். புது வைரஸோ என்ற பீதி. அந்தச் சமயத்தில் கேரளம் வந்து பிரிட்டன் திரும்பிய இரு குழந்தைகளின் மாதிரியைப் பரிசோதித்தபோது கிடைத்தது காக்சாக்கி ஏ16. கை, கால், வாய் நோயை உண்டாக்கும் பழைய வைரஸ்தான் அது.

இந்த நோயை அம்மை என்று நினைத்து வேப்பிலை வைப்பவர்கள் இன்றும் உண்டு. சின்னம்மை பெரும்பாலும் மார்பிலும் முதுகிலும் தொடங்கும். இதுவோ உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பிட்டம் ஆகிய இடங்களில் வரும்.

கொரோனாவுக்குப் பிறகு பல நர்சரி வாசல்களில் சானிடைசர் பாட்டில் வந்தது. ஆனால் கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். காக்சாக்கிக்கு அந்த உறையே கிடையாது. புரத ஓடு மட்டும்தான். ஆல்கஹால் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவினால் கையை விட்டுப் போய்விடும்.

கொப்புளம் காய்ந்து, காய்ச்சல் விட்டால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் அதன் பிறகும் பல வாரங்கள் மலத்தில் வைரஸ் வெளியேறும். அத்தனை நாளும் வீட்டில் வைத்திருக்க எந்தத் தாயாலும் முடியாது, தேவையும் இல்லை. காவல் இருக்க வேண்டிய இடம் கழிப்பறைதான். அங்கன்வாடிகளில் குழந்தைக்குக் கால் கழுவிவிடுபவரும் சமைப்பவரும் பெரும்பாலும் ஒரே உதவியாளர். அவர் கையில் சோப்பு இல்லையென்றால், சுவரில் ஒட்டிய சுகாதார வாசகங்களால் ஒரு பயனும் இல்லை. வாயில் வைத்த பொம்மைகளையும் தினமும் சோப்பால் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, அலசிக் காயவைக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் இதற்கு உதவாது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வாய்ப்புண்ணால் தண்ணீர்கூடக் குடிக்காமல் உடல் வறண்டுபோவதுதான் பெரிய தொல்லை. ஆறிய கஞ்சி, மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தூக்கத்தில் தூக்கிப்போடுதல், தொடர் வாந்தி, தள்ளாட்டம், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதே நோயைத் தரும் என்டெரோ வைரஸ் 71, 1998இல் தைவானில் 78 உயிர்களைப் பறித்த தொற்றுப் பரவலுக்கு முக்கியக் காரணமாக இருந்தது.

அங்கன்வாடிக்கு உதவ நினைப்பவர்கள் பொம்மை வாங்கித் தருவதற்கு முன்னால், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குழாயும் மாதாமாதம் சோப்பும் கிடைக்க வழிசெய்யுங்கள்.